இத்தா வீட்டில் வாங்கிய ரேடியோ

ஐம்பதுகளின் பின்பாதியில் கீழக்கரையில் நடந்தது இது. யுத்தத்தின்போது பட்டாளத்தில் ஒயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குக் கரண்டு ஒயரிங் செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். கோபக்காரன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய ரேடியோ. பாடாமல் கிடக்கிற செட்டை வாங்கிவந்து பிரித்துப்போட்டு, துருவைச் சுரண்டி, மறுபடியும் பாட வைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு வேண்டாம் எனக்கு. அதிலும் யுத்தத்துக்கு முந்திய ஜெர்மன் மேஜை ரேடியோ ஒன்றின்மேல் பல வருஷ ஆசை. பட்டாளத்தில் ஒரு அதிகாரியின் அறையில் பார்த்தது. வழவழவென்று மரப்பெட்டி, ஸ்டேஷன் சரியாகச் சிக்கியதும் நெற்றியில் பச்சை வெளிச்சம் கண் மாதிரி ஒடுங்கும். அதற்குப் பிறகு எங்கேயும் அதைக் காணவில்லை.

கீழக்கரையில் ஒரு வீட்டு ஒயரிங் வேலையில் இருந்தபோது, அடுத்த தெருவில் அந்த செட் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கொழும்பில் வியாபாரம் செய்த ஒருவர் வாங்கிவந்ததாம். அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விற்பது அவருடைய தம்பி. கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வெளித் திண்ணையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். துணியை விலக்கினேன். அதே செட்! போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தம்பிக்காரர் உதட்டில் விரலை வைத்தார்.

"மௌத்தான வூடு. மதினி உள்ள இத்தாவுல இருக்காக. இங்கன பாட்டுச் சத்தம் கேக்கலாமா? நல்லாப் பாடுற செட்டு, நம்பித் தூக்கிட்டுப் போங்க."

புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். துக்க வீட்டில் ரேடியோ போடச் சொன்ன என் வாயை நானே சபித்துக்கொண்டேன். பின்பலகையைக் கழற்றிப் பார்க்கவும் கூசியது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பின்பலகையைத் திறந்தால் தூக்கிவாரிப் போட்டது. செட்டுக்கு உயிரான கண்ணாடிக் குழல்கள், அந்த வால்வுகள் ஒன்றுகூட இல்லை. ஐந்து குழிகளும் காலி. முன்னால் தெரிகிற அந்தப் பச்சைக் கண்ணை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். அந்த வால்வுகள் மதுரையில் கிடைக்காது, மெட்ராஸிலும் கிடைக்காது. அவை இல்லாவிட்டால் அந்தப் பெட்டியில் அரிசிதான் போட்டு வைக்கலாம்.

சாவைக் காட்டி ஏமாற்றிவிட்டானே! மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கி, அந்த வீட்டுக்கு எதிரே தெருவின் நடுவில் நின்றேன். சும்மா விடுவேனா? பட்டாளத்தில் பழகிய தொண்டை எனக்கு.

"யோவ், வெளிய வாய்யா! துக்க வீடுன்னு சொல்லி வெறும் பெட்டியத் தலையில கட்டிட்டியே, நீயெல்லாம் மனுசனா? இது திருட்டு வீடு! எல்லாரும் கேட்டுக்கங்க, திருட்டு வீடு!"

தெருவில் கதவுகள் திறந்தன. தம்பிக்காரர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தார். அவர் முழித்த முழியைப் பார்த்தால் அது பொய்யாகத் தெரியவில்லை. நான் விடாமல் கத்திக்கொண்டே இருந்தேன். அப்போது, சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"கழட்டுனது நாந்தான். அவுக தோணியில கொண்டுவரயில ஒவ்வொண்ணா பஞ்சுல சுத்தித்தான் கொண்டாந்தாக. கழட்டவும் மாட்டவும் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காக. இதை விக்கப்போறோம்னு யாரும் எங்கிட்டக் கேக்கல. வெளிய வந்து மறிக்கவும் என்னால ஏலாது. வால்வு இல்லாத பெட்டிய எவன் வாங்குவான்னு நெனச்சேன். நீங்க தொறந்துகூடப் பாக்காமத் தூக்கிட்டுப் போயிட்டீக."

குரல் தணிந்தது.

"அவுக கொழும்புல இருக்கயில அந்த ஊரு ஸ்டேஷனைத்தான் கேப்பாக. அதே நேரத்துக்கு நானும் இங்கன அதைத்தான் வெச்சுக் கேப்பேன். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"மதினி, பேசாம அதைக் குடுத்து அனுப்புங்க. தெருவே வேடிக்கை பாக்குது" என்று தம்பிக்காரர் பல்லைக் கடித்தார்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு பிஸ்கட் டின் வெளியே நகர்ந்து வந்தது. உள்ளே பஞ்சுக்குள் ஐந்து வால்வுகள், ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

அந்த அம்மாள் சொன்ன அத்தனையையும் காதால் கேட்டுக்கொண்டுதான் அந்த டின்னை எடுத்தேன். காசு கொடுத்தவன் நான், பொருள் என்னுடையது என்று முனகிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். உப்புக் காற்றில் அரித்துப்போன ஒயர்களை மாற்றினேன், ஸ்பீக்கர் காகிதக் கிழிசலை ஒட்டினேன். வால்வுகளை மாட்டிப் போட்டதும் பச்சைக் கண் ஒடுங்கியது. கொழும்பு கணீரென்று பேசியது. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கதையும் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"கொழுந்தன் விக்கிறது இருக்கட்டும். அந்த அம்மா சரின்னு சொன்னாகளா?" என்றாள்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்று அவள்மேல் பாய்ந்தேன். சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு அந்த ரேடியோவைப் போடும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்தது. அண்ணனின் கபர் மண் காய்வதற்குள், வாசலுக்கு வர முடியாத பெண்ணின் பொருளைத் தூக்கி விற்றானே அந்தப் பாவி, அவன்மேல் எரிச்சல். அவன் செய்தது தெரிந்தும் அதற்குத் துணைபோன என்மேல் அதைவிட எரிச்சல். பாட்டு எங்கே காதில் ஏறும்? கடைசியில் செட்டைத் துணியால் மூடிவிட்டு, இத்தா முடிகிற நாளை விசாரித்து வைத்துக்கொண்டேன்.

அது முடிந்த மறு வாரம் ரேடியோவைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு அம்மாள் கதவோரமாக வந்து நின்றார். என்னைவிடச் சின்ன வயதுதான் இருக்கும். நான் இன்னார் என்று சொன்னேன், செட்டைத் திண்ணையில் வைத்தேன், தப்பு செய்துவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை, நன்றியும் இல்லை.

"திருப்புளி இருக்கா?" என்று கேட்டார்.

கொடுத்தேன். அவரே உட்கார்ந்து ஆணிகளைக் கழற்றிப் பின்பலகையை எடுத்தார். ஐந்து வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அசைத்துப் பார்த்தார். அன்றைக்கு நான் செய்யாத வேலை அது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பலகையை மாட்டிவிட்டு எழுந்தார். நான் கிளம்பத் திரும்பினேன்.

"நில்லுங்க. அன்னைக்குத் தெருவுல நின்னு திருட்டு வூடுன்னு சத்தம் போட்டீகள்ல? மூணு மாசத்துக்கு மேலா அதைக் கேட்டுக்கிட்டுத்தான் உள்ள கெடந்தேன். மன்னிப்பை மட்டும் காதோட சொல்லிட்டுப் போறீக. அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல சொல்லிட்டுப் போங்க."

கோபம் சுர்ரென்று ஏறியது. பொருளைச் சுமந்துவந்து கொடுத்தவனிடம் இப்படியா பேசுவது? அந்த அம்மாள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் ஒரு குன்றிமணி அளவுகூட அநியாயம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தெருவின் நடுவில் போய் நின்றேன்.

"அன்னைக்கு இந்த வீட்டைத் திருட்டு வீடுன்னு சொன்னவன் நாந்தான்! இந்த அம்மா ஒரு தப்பும் செய்யல! இவுக பொருளை இவுகளைக் கேக்காம வாங்கிட்டுப் போனது என் தப்பு!"

மறுபடியும் கதவுகள் திறந்தன. கடைசி வார்த்தை தெருக்கோடிவரை கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தபோது அவர் ரேடியோவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். கதவைச் சாத்தவில்லை. தம்பிக்காரன் காசைத் திருப்பிக் கொடுத்தானா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். அன்றைக்கு அவன் தலையையே காணோம்.

வயதான பிறகும் என் கோபம் குறையவில்லை, மனைவி சாட்சி. ஆனால் ஒரு வாசலில் நின்று கத்துவதற்கு முன்னால், உள்ளே இருப்பவர் வெளியே வந்து எனக்குப் பதில் சொல்ல முடிகிற நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.