லுங்கி காய்ந்த படத்துக்கு முதல் பரிசு

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தார் புகைப்படப் போட்டி வைத்தார்கள். ஒரே படத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கட்டடங்கள் இருக்க வேண்டும். மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். "சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கிறதுதானே தம்பி உன் வேலை? படத்துலயும் கண்டுபிடி" என்றார் செயலாளர். எங்கள் குடும்பத்தில் மார்க் வாங்கிய முதல் ஆள் நான். மார்க் போடும் முதல் ஆளும் நானே. ஒளி, நிழல், சட்டகம் என்று ஒரு வாரம் படித்தேன்.

இது வீட்டு ஓனர் காதுக்கு எட்டியது. அவருடைய மூன்று மாடிக் கண்ணாடி வீட்டுக்குப் பின்னால், காம்பவுண்டு மூலையில் இருந்த தகரக் கூரை அறையில்தான் நான் குடியிருந்தேன்.

"நானும் படம் அனுப்பிருக்கேன். ப்ரைஸ் வரலன்னா அந்த ரூமை இடிச்சு கார் ஷெட் போட்டுருவேன், ஹவ்."

அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்; 'ஹவ்' என்றால் 'ஆமாம்'. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாள் டேப்பை வைத்து என் அறையை அளந்துகொண்டிருந்தார்.

படங்களில் பெயர் கிடையாது. முதல் படத்தில் மெட்ரோ தூணும் பழைய வளைவும். மற்றொரு நடுவரான ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வளைவுல விரிசல். அஞ்சு மார்க் கட்" என்றார்.

"சார், படம் நல்லா இருக்கே?"

"படம் நல்லா இருந்தா போதுமா? கட்டடம் நிக்க வேணாமா?"

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் ஓட்டுக் கூரை, எதிர் அபார்ட்மெண்டின் ஜன்னலில் தெரியும் படம் ஒன்று. எனக்கு அதுதான் முதல் பரிசு. "மழைக்கு ஒழுகும்" என்று இன்ஜினியர் இரண்டு மார்க் போட்டார்.

அடுத்து ஒரு படம். கண்ணாடி வீடு, தகர அறை, கொடியில் நீலக் கட்டம் போட்ட லுங்கி. ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல்.

"அந்த லுங்கி என்னோடதுங்க. நான் விலகிக்கிறேன்" என்றேன்.

மூன்றாவது நடுவர் வாஸ்து பார்க்கும் மாமி. "நல்லதாப் போச்சு. உன் ரூம் எந்த மூலைப்பா?"

"தென்மேற்கு. வாசல் கிழக்கே."

"கன்னி மூலை! அங்க இருக்கிறவன்தான் அந்த மனைக்கே எஜமானன். பத்துக்குப் பத்து."

இன்ஜினியரும், "லோடே இல்லாத கூரை, எங்க விழப்போகுது?" என்று பத்து போட்டார். விலகவும் விடவில்லை. நான் மூன்று போட்டேன். அறை போனால் போகட்டும், கட்டைவிரலுக்கு எப்படி மார்க் போடுவது? அப்படியும் அதற்கே முதல் பரிசு.

மேடையில் ஓனரிடம் கோப்பையைக் கொடுத்த கையோடு, மாமி மைக்கில் காரணத்தையும் விளக்கிவிட்டார்.

மறுநாள் காலை ஓனர் தலையணையோடு வாசலில் நின்றார்.

"எஜமானன் மூலையில வாடகைக்கு ஆள் வச்சிருக்கேனே, கைக்கு? எதுக்கு? இனிமே நான் இங்க. நீ மேல கண்ணாடி ரூமுக்குப் போ. அதே வாடகை."

"இடிக்கணும்னீங்களே சார்?"

"நக்கோ, நக்கோ! வேணவே வேணாம்! வாயைக் கழுவு."

இப்போது மூன்றாம் மாடியில் ஏ.சி.யில் இருக்கிறேன். கீழே தகரச் சூட்டில் விசிறிக்கொண்டு, கோப்பையை மடியில் வைத்தபடி ஓனர். கொடியில் அவருடைய வேட்டி. கட்டைவிரல் மறைக்காமல் பார்த்தால் நல்ல காட்சிதான். ஏழு மார்க் போடலாம்.