எண்ணெய் பூசிய கைக்குக் கிடைத்த இன்னொரு ஓவர்

கர்த்தருக்குள் அன்பான பிள்ளைகளே, எனக்கு அதிகம் எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மகன் தானியேல் பத்தொன்பது வயதில் முதுகெலும்பில் வெடிப்பு விழுந்து படுத்துவிட்டான். எங்கள் லிங்கநகர் ஒழுங்கையில் கிரிக்கெட் பந்து போட்டு வளர்ந்தவன். கலியாணமாகிப் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே பிள்ளை. "இனிப் பந்து போட ஏலாது" என்றார் டொக்டர். ஒன்பது மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். போதகர் ஜெபித்துத் தந்த எண்ணெயைத் தினமும் அவன் முதுகில் பூசி அழுதேன். வலி விட்டது. எழுந்தான், ஓடினான். டொக்டரே எக்ஸ்ரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு கொழும்புக் கிளப் ஒன்று ஆள் எடுக்க எங்கள் மைதானத்துக்கு வந்தது. ஆளுக்கு ஒரு ஓவர், ஆறே பந்து. அன்று காலை அவன் விரல்களிலும் அந்த எண்ணெயைத் தேய்த்தேன்.

"வழுக்குமம்மா."

"விசுவாசமில்லாத கதை கதையாதை."

ஆறு பந்தும் நழுவிக் கண்டபாட்டுக்குப் போயின. "போதும் தம்பி, அடுத்த ஆள்" என்றார் தெரிவு செய்ய வந்த சேர். வேலியோரம் நின்று பார்த்தேன். கெடுத்தது என் கைதான். "ஆண்டவரே, பிழை என்ர. பிள்ளையைக் கைவிடாதேயும்" என்றேன்.

அப்போது எதிரே மட்டையோடு நின்ற பிள்ளை நடந்து வந்தான். பெயர் நஸீர், ஊர் குறிஞ்சாக்கேணி. அவனும் அன்று தெரிவுக்கு வந்தவன்தான். தானியேலின் கையைப் பிடித்துப் பார்த்தான்.

"என்ன மச்சான், மீன் பொரிச்சுப்போட்டு வந்தியா?" என்று சிரித்தான். பிறகு, "சேர், இவன்ட கையில எண்ணெய். இன்னொரு ஓவர் குடுங்க."

"உன்னை அவுட்டாக்கினா உனக்குத்தான் நட்டம்."

"ஆக்கட்டும் சேர்."

தானியேல் மண்ணை அள்ளிக் கையில் தேய்த்தான். மூன்றாவது பந்தில் நஸீரின் நடு விக்கெட் பறந்தது.

தானியேலை எடுத்தார்கள். நஸீரை எடுக்கவில்லை. அடுத்த முறை அவனையும் எடுக்கும்வரை என் ஜெபத்தில் அவன் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.

இன்று என் மகன் வெளிநாட்டு அணிகளுக்கு எதிராகவும் பந்து போடுகிறான். ஒவ்வொரு பந்துக்கும் முன் கையைக் காற்சட்டையில் துடைப்பதை ரீவியில் பார்க்கிறேன். உடம்பு சிலிர்க்கிறது. என் ஜெபத்துக்கான பதிலை, அவன் வெல்ல வேண்டிய பிள்ளையின் வாயிலல்லவா கர்த்தர் வைத்திருந்தார்.

எண்ணெய்ப் போத்தல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. நோவுள்ளவர்கள் வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். உதவி யார் மூலம் வரவேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.