வேட்டை நாயும் பெஞ்சில் இருந்த கணவரும்

என் கணவர் அத்திபெலேயிலிருந்து ஒரு ஃபாக்ஸ் டெரியர் குட்டியை வாங்கி வந்தபோது சொன்ன ஒரே காரணம், அது சின்ன நாய் என்பது. எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஃப்ளாட்டும் சின்னது. சோபாவுக்கு அளவெடுப்பதைப் போலவே நாய்க்கும் அளவெடுத்திருக்கிறார். பொந்துக்குள் புகுந்து நரியை விரட்டுவதற்காகவே அந்த இனத்தைச் சின்னதாக வளர்த்தெடுத்தார்கள் என்பதை விற்றவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

வந்த வாரமே அது வீட்டை இரண்டாக்கிவிட்டது. சுவரில் பல்லி தெரிந்தால் சோபாவிலிருந்து டிவி மேசைக்கும் அங்கிருந்து திரைச்சீலைக்கும் தாவியது. என் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து, அடி மண்வரை தோண்டி, அங்கே நரி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டது. பால்கனியில் புறா உட்கார்ந்தால் அது குரைக்கிற குரைப்பில் எதிர் பிளாக்கில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் யாரையும் குறிப்பிடாமல், எங்களை மட்டுமே குறிக்கும் செய்திகள் வரத் தொடங்கின.

நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் கன்னடக்காரப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"மேடம், இதுக்கு காலையும் சாயங்காலமும் நல்லா ஓட்டம் வேணும். சாப்பாட்டகூட தட்டுல போடாதீங்க, அங்கங்க ஒளிச்சு வைங்க, மோந்து தேடி எடுக்கட்டும். வேலையே குடுக்காம சும்னே, சும்மா உக்கார வெச்சீங்கன்னா, அதுவா ஒரு வேலைய கண்டுபுடிச்சுக்கும். அது உங்களுக்குப் புடிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கணவர் முகம் தொங்கிப்போயிற்று. ஏனென்றால் அப்போது அவரே பெஞ்சில் இருந்தார்.

ஐ.டி. கம்பெனியில் ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்ததற்காகக் காத்திருப்பதற்குப் பெயர்தான் பெஞ்ச். சம்பளம் வரும், வேலை வராது. ஆனாலும் கம்ப்யூட்டரில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி பகல் முழுக்க எரிந்தாக வேண்டும். மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும், மேனேஜருக்குத் தெரிந்துவிடும். அதற்காக இவர் ஒரு சாதனம் வாங்கி வைத்திருந்தார். மவுஸை அதன்மேல் வைத்தால் உள்ளே ஒரு தட்டு சுற்றி, யாரோ மவுஸை அசைப்பதுபோல் காட்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலி என்று வருகிறவர்களை நாள் முழுக்க நடங்கள், நடங்கள் என்று விரட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அசையாத கணவரும் அடங்காத நாயும் காத்திருப்பார்கள். "அதான் மெஷின் சுத்துதே, கொஞ்சம் நாய கூட்டிட்டுப் போயிட்டு வரலாம்ல?" என்பேன். "சுத்திட்டே இருக்கும்போது நின்னுடுச்சுன்னா?" என்பார். வேலை செய்வதுபோல் நடிக்கும் இயந்திரத்துக்குக் காவலாக இவர் உட்கார்ந்திருந்தார். நாய்க்கு ரப்பர் எலும்பு, ரப்பர் கோழி, ரப்பர் பந்து என்று வாங்கிக் குவித்தார். காலில் செருப்பை மட்டும் மாட்டவில்லை. காலை நடையும் மாலை நடையும் என் தலையில்தான் விழுந்தன.

நாய் அந்தச் சாதனத்தைப் பல நாளாகவே நோட்டம் விட்டிருக்க வேண்டும். ஒரு மதியம் இவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மேசைமேல் ஏறி, டெரியர்கள் பெருச்சாளியைப் பிடித்து உதறுவது மாதிரி அதை உதறிக் கொன்றுவிட்டது. நான் வந்து கதவைத் திறந்ததும் மிச்சத்தை என் காலடியில் கொண்டுவந்து போட்டு வாலை ஆட்டியது. இத்தனை நாளில் அதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

புள்ளி சாயங்காலம் வரை மஞ்சளாக இருந்திருக்கிறது. மறுநாள் மேனேஜர் வீடியோவில் வந்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று மிகவும் அக்கறையாக விசாரித்தார். அந்த அக்கறையைக் கேட்டு இவருக்கு வியர்த்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம நாய கொண்டுபோய் விட்டுடலாம்" என்றார்.

அதை வாங்கியதற்காக மாதக்கணக்கில் அவரைத் திட்டியவள் நான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அந்த நாய் இல்லாத காலைகளை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல ரோஷம் விடவில்லை. ஞாயிறன்று நானும் காரில் ஏறினேன்.

அத்திபெலேயில் நாய் விற்றவர் துளியும் ஆச்சரியப்படவில்லை. நிறையப் பேர் திரும்பக் கொண்டுவருகிறார்கள் போலிருக்கிறது.

"கடிக்குதா சார்?"

"இல்ல. சும்மாவே இருக்க மாட்டேங்குது."

"அப்ப பக் எடுத்துக்கோங்க சார், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுக்கலாம். ஒரு பேஜாரும் இல்ல. வெச்ச எடத்துல இருக்கும்."

மூலையில் சப்பை மூக்கோடு ஒரு பக் நாய் படுத்திருந்தது. தொப்பை தரையில் பரவி, பாதிக் கண் மூடி, எங்களைப் பார்க்கத் தலையைக்கூடத் தூக்கவில்லை. இவர் குனிந்து அதைப் பிரியத்துடன் பார்த்தார். எங்கள் நாயின் கயிற்றை அந்த ஆள் கையில் வாங்கிக்கொண்டார். அது என்னையே பார்த்தது.

"வேணாங்க" என்றேன். "வெச்ச எடத்துல இருக்கறது எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்ததைப் பார்த்ததும், அந்நிய மனிதர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாமே என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் நிமிர்ந்தார். கயிற்றைத் திரும்ப வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"கார நீ எடுத்துட்டுப் போ. நாங்க நடந்து வர்றோம்."

எங்கள் வீடு அங்கிருந்து பக்கமில்லை. கோபத்தில் சொல்கிறார், டோல்கேட் வருவதற்குள் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். பாதி வழியில், சந்தாபுராவில் காரை ஓரங்கட்டி, தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து சர்வீஸ் ரோட்டில் வந்தார்கள். நாய் முன்னால் இழுக்க, இவர் சட்டை நனைந்து, மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். பாட்டிலை வாங்கி நாய்க்கு உள்ளங்கையில் ஊற்றிக் கொடுத்து, மிச்சத்தைத் தான் குடித்தார். நான் கார்க் கதவைத் திறந்து பிடித்தேன்.

அவர் காலிப் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.