கண் அசந்தால் வருவது

பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்குப் பணிமனையில் ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் பிரேக் போட்டு, நின்றுகொண்டிருந்த பயணி ஒருவரும் தடுமாறியதில்லை.

சில காலைகளில் அவளுக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலித்தது. நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டாள். வீட்டிலேயே துணி தைக்கும் தங்கை, ஒரே அறையில் படுப்பவள், ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, விடியக்காலையில உனக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. கூப்பிட்டேன், உனக்குக் கேக்கவே இல்ல.”

“நீ கனவு கண்டிருப்ப. எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

அடுத்த முறை தங்கை கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினாள். அவளுக்கு, தன்னுடைய உடையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ படுத்திருப்பதுபோல் இருந்தது.

மருத்துவமனையில் தலை முழுக்க ஒயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். ஒரு குறையும் இல்லை. “பாத்தியா?” என்று தங்கையை முறைத்தாள். ஆனால் நரம்பியல் டாக்டரம்மா விடவில்லை.

“இது முழிச்சிருக்கறப்ப எடுத்தது. ஒரு ராத்திரி தூங்காம இருந்துட்டு, காலையில இங்க வந்து தூங்குங்க.”

தூங்குவதற்காக விழித்திருக்கச் சொல்கிறார்களே என்று குழம்பியபடியே போய்ப் படுத்தாள்.

இரண்டாம் பதிவை டாக்டரம்மா திரையில் நகர்த்திக் காட்டினார். விழித்திருந்தவரை கோடுகள் சீராக ஓடின. கண் அசந்ததும் மூளையின் இடப்பக்கக் கோடுகள் முள் முள்ளாகக் கிளம்பின. தூக்கம் ஆழமாக ஆக, முட்களும் பெருகின.

“கனவு வர்ற தூக்கத்துல பெரும்பாலும் இது அடங்கிடும்” என்றார்.

“அப்ப எனக்கு வலிப்பு இருக்கா, இல்லையா?”

“இருக்கு. நேரம் பாத்துத் தலைகாட்டுது.”

“நான் தூங்கிக்கிட்டா பஸ் ஓட்டறேன், டாக்டர்?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “இதுவரைக்கும் தூக்கத்துலதான் வந்திருக்கு. முழிப்புல வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா. பின்னாடி அம்பது பேர் உக்காந்திருக்காங்க.”

மறுநாள், யாரும் கேட்கும் முன்பே, மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வண்டிகள் புறப்படும் நேரத்தைக் குறிக்கும் அறையில் ஒரு நாற்காலி தந்தார்கள். செய்தது சரிதான் என்று தெரிந்தது. ஆனால் தூங்குகிறவளுக்கு வந்ததற்கு, விழிப்பில் சரியாக இருந்த அவள்தான் தண்டனை அனுபவிப்பதாகவும் தோன்றியது. சன்னலுக்கு வெளியே எவராவது கியரைக் கரகரவென்று மாற்றினால், மேசைக்கடியில் அவள் இடது கால் தானாகக் கிளட்சை மிதித்தது.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரை கேட்டது. நான்காம் மாதத்துக்குப் பிறகு இழுப்பு வரவில்லை. அடுத்த பதிவில் முட்கள் குறைந்திருந்தன; முழுவதும் போகவில்லை. அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

காலையில் எழுந்ததும் தங்கையிடம் கேட்பாள். “நேத்து நான் எப்படி இருந்தேன்?”

“குறட்டை விட்ட.”

“நானா? நான் எப்ப குறட்டை விட்டேன்?” என்று சண்டைக்குப் போவாள். பிறகு, குறட்டை விடவில்லை என்பது மட்டும் தனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடி பல் துலக்கப் போவாள்.