கட்டு என்றால் கட்டுவதுதான்

ஒரு தத்துவஞானியை ஊர்க்கூட்டம் மரத்தில் கட்டி அடித்தே கொன்றதாம். அவர் கதையைக் குறும்படமாக எடுக்கக் கிளம்பியவர் என் மச்சான். ஞானி வேஷம் எனக்கு. தாடி இருந்தது, சம்பளம் கேட்க மாட்டேன். வேறு தகுதி தேவைப்படவில்லை.

ஞானியின் கொள்கை இதுதான்: கூட்டத்துக்குக் காது கிடையாது, அதில் ஒருவனைப் பிரித்துப் பெயர் கேள், ஓங்கிய கை இறங்கிவிடும். எனக்கு அது சுத்தப் பேத்தலாகப் பட்டது. மச்சான் அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார்.

கூட்டத்துக்கு ஆள் பிடித்ததும் நான்தான். ஓசூரில் நான் சூப்பர்வைசராக இருந்த, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் ஒப்பந்த ஆட்களை, பிரியாணி உண்டு என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு கல்குவாரிக்கு வேனில் ஏற்றிப் போனேன். ஷாப்பில் அவர்களை மிஷின் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அந்த இரைச்சலில் பெயரெல்லாம் எடுபடாது.

அவர்கள் கையில் கொடுத்தது ஸ்பாஞ்சு சுற்றிய தடி. முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, ஸ்பாஞ்சை உரித்திருந்தார்கள். நான் அலறினேன். மச்சான் பதறிப்போய், "கட்டு! கட்டு!" என்று கத்தினார். அவர் வாயில் ‘கட்’ அப்படித்தான் வரும்.

"கட்டச் சொல்றார்டா!" என்று ஒருவன் சிரித்தான்.

"கட்ரோ!" என்றான் கன்னடக்காரன். "கட்டண்ட்ரா!" என்றான் தெலுங்குக்காரன். மூன்று மொழியிலும் கட்டு என்றால் கட்டுவதுதான். நாள் முழுக்க போனில் ரீல்ஸ் எடுக்கிறவர்களுக்கு ‘கட்’ தெரியாதா? படுபாவிகள், தெரிந்தேதான் என்னைப் புங்கமரத்தோடு சேர்த்து இறுக்கினார்கள்.

மச்சானை இருவர் பிடித்துக்கொண்டார்கள். என் உதடு கிழிந்தது. உடைந்த பல்லை ரத்தத்தோடு விழுங்கினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன், பிறகு கெஞ்சினேன். இங்கேயே செத்துவிடுவேன் என்று பயந்தேன். கடைசியில் அந்தப் பேத்தல்தான் வாயில் வந்தது. எதிரே தடியை ஓங்கி நின்றவன் மூணாம் நம்பர்.

"உன் பேர் என்னப்பா?"

கை நின்றது. கூட்டமே அடங்கியது.

"மூணு வருசமா உங்க லைன்லதான் சார் நிக்கிறேன். இப்பத்தான் பேரு கேக்கறீங்களா?"

சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் அடித்தான். என் இடக்கண் அந்த அடியில் போனது.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் கட்டிலருகே நின்று கேட்டார். "அடிச்சவன தெரியும்ல? சொல்லுங்க."

"மூணாம் நம்பர்" என்றேன்.

"நம்பர் இல்ல சார். பேரு."