லாரிச் சத்தம் போடும் கார்

நான் காரைக் கிளப்பும் காலைகளில் ஏற்காட்டு மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் யாராவது ஒருவர் காப்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுகிறார். லாரி வருகிறது என்று நினைத்து வருகிறவர் அவர். வளைவில் என் காரின் மூக்கு தெரிந்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "பினாங்குக்காரருங்களா? லாரின்னுல்ல நெனச்சுப் போட்டனுங்க" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிட்டுக் கடந்து போவேன். 1972இல் தொடங்கியது இது. இப்போது 1981 தை மாதம். எந்திரம் இறுகிப்போகாமல் இருக்க மாதம் ஒருமுறைதான் எடுக்கிறேன், ஆனாலும் போன வாரம்கூட ஒருவர் மூட்டையோடு வந்து நின்றார்.

பினாங்கில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கு இது விளங்காது. அங்கே டீசல் பென்ஸ் என்றால் வாடகைக் காடி, இங்கே சொல்கிறபடி டாக்சி. படகுத்துறை வாசலில் வரிசையாக நின்று கடகடத்துக்கொண்டிருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரவில் படுக்கையில் கிடக்கும்போது தெருவில் அந்தச் சத்தம் கேட்டால், யாரோ வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று புரண்டு படுப்போம். இங்கே சேலம் ஜில்லாவில் டீசல் சத்தம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் உரியது. காருக்குள்ளிருந்து அது வந்தால், ஆண் குரலில் பேசும் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

என் காரும் வாடகைக் காடிதான். பினாங்கில் ஒரு மோட்டார் கம்பெனியின் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். 1969இல், எத்தனையோ கைகள் மாறி, மைல் காட்டும் முள் ஒரு முழுச் சுற்று ஓடிப் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்த வண்டியொன்று பழைய இரும்பு விலைக்கு வந்தது. வாங்கினேன். மறு வருடமே எனக்கு வேலை பெர்மிட் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். குடியுரிமை எடுக்காமல் இருந்த பலரையும்போல நானும் கப்பல் ஏற வேண்டியதாயிற்று. சேமநிதியில் கொட்டச்சேட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் வாங்கலாம் என்று மனைவியின் உறவினர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் விற்றவன் காரை மட்டும் விற்கவில்லை. விற்றால் என்ன கிடைக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. துரத்தப்பட்டு வருகிறவன் வெறுங்கையோடு இறங்குவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கூரையில் வாடகைப் பலகை இருந்த இரண்டு துளைகளை ஈயம் வைத்து அடைத்து, கறுப்புச் சாயம் அடித்து, அடிவாரத்திலிருந்து வழியெல்லாம் நிறுத்தி ஆறவைத்து மலையேற்றி வந்தேன்.

இந்த நாட்டில் பென்ஸ் என்றால் என்ன என்பதை முதல் வருடமே சேலத்தில் தெரிந்துகொண்டேன். லாரி சாமான் கடையொன்றில் பென்ஸுக்கு எந்திரக் கேஸ்கட் வேண்டும் என்றேன். கடைக்காரர் சந்தோஷமாக எழுந்து உள்ளே போய், சாப்பாட்டுத் தட்டத்தைவிட நீளமான ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"எத்தன டன் வண்டிங்க?"

"லாரி இல்லை. கார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கே பென்ஸ் என்பது லாரியாக இல்லாவிட்டால் மில் முதலாளியின் கார். என் கையில் அன்றைய பஸ் டிக்கெட் இன்னும் சுருண்டு இருந்தது.

"பென்ஸ் காரு வெச்சிருக்கறவரு பஸ்லீங்களா வந்தீங்க?"

கடையிலிருந்த டிரைவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. ஒருவர் எழுந்து எனக்கு ஸ்டூல்கூடக் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து சேலத்தில் என் வண்டி என்ன வண்டி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு சாமான்கள் பினாங்கிலிருந்தே வந்தன. பழைய கிடங்கு நண்பர் வருடம் ஒருமுறை பிஸ்கட் டின்னில் அடைத்து அனுப்புவார்: ஒரு ஃபேன் பெல்ட், இரண்டு பிரேக் ரப்பர், காலியிடத்தை நிரப்ப நெத்திலிக் கருவாடு. அடுத்த டின் வரும்வரை ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள், டீசல் டாங்க் கசிந்தால் துணி சோப்பு. இடது பின்கதவைக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தது. எந்தச் சாமானுக்கு என்ன எண் என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதைக் கழற்றி மாட்டத்தான் கை வராது. "ரெண்டு மாடு வாங்கியிருந்தா பாலாவது கெடச்சிருக்கும். இது எண்ணெயா ஒழுகுது" என்பாள் மனைவி, தரையில் படிந்த கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தபடி. காரைப் பற்றி வெளியாரிடம் அவள் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கும்.

ஏற்காட்டுக்குப் போகும் ரோட்டில் எங்கள் ஊரைத் தாண்டியதும் ஒரு மேடு. அதில் என் கார் ஒருமுறைகூடத் தானாக ஏறி முடித்ததில்லை. பாதியில் கொதித்து நின்றுவிடும். அதனால் எங்கே போனாலும் பக்கத்துத் தோட்டத்து வெள்ளையன் கூட வருவார். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் சாமையும் பலாவும் காப்பியும் வைத்து வாழும் குடும்பம் அவருடையது. என் வயதுதான். பின்சீட்டில் முதலில் ஒரு சாக்கை விரிப்பார், "சீட்டு அழுக்காயிருமுங்க" என்பார், அதன்மேல் விளிம்பில் உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு கல். கார் நின்ற கணத்தில் இறங்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதற்காக அவரே தேடி எடுத்து வைத்திருந்த கல் அது. அப்புறம் வழியில் போகிறவர்களைக் கூப்பிடுவார். காப்பி பறித்துவிட்டு வரும் பெண்கள்கூடக் கூடையை இறக்கிவிட்டுத் தோள் கொடுப்பார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பினாங்கில் வண்டி நின்றால் பட்டறைக்கு ஆள் அனுப்புவோம், தெருவில் போகிறவன் தொட மாட்டான். இங்கே கேட்காமலே தள்ளிவிட்டு, நன்றி சொல்ல நான் தலையை வெளியே நீட்டுவதற்குள் போய்விடுகிறார்கள். யாராவது ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் அல்லவா? அதனால் இத்தனை வருடங்களில் என் காரை நான் ஒருமுறைகூடத் தள்ளியதில்லை.

இனி 1979 மாசி. வெள்ளையன் இப்போது நடக்கிறார், லேசாகச் சாய்ந்து நடந்தாலும் நன்றாகவே நடக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிளகு பறிக்கும் நாள்கள். மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் சாத்தியிருந்த ஏணி வழுக்கி வெள்ளையன் கீழே விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து, கால் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சத்தம் கேட்டு ஓடியவன், முதலில் வீட்டுக்குத் திரும்பிக் காரைத்தான் கிளப்பினேன். வெயில் ஏறியிருந்ததால், அன்றைக்குப் பார்த்து, யாரும் தள்ளாமலே எந்திரம் பிடித்துக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. ஒரு மனிதர் கால் முறிந்து கிடக்கிறார்; நான், கடைசியில் இந்தக் கார் எதற்கு என்று இவர்களுக்குக் காட்டுகிற நாள் வந்தது என்று நினைத்தேன்.

மனைவி சேலம் போயிருந்த நாள்; எந்திரத்தை அணைக்காமல் எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு ஓடினேன். அணைத்தால் மறுபடி பிடிக்குமா என்பது நிச்சயமில்லை. மரத்தடியில் அதற்குள் அவரைத் தூக்கிப்போக இரண்டு மூங்கில் கொம்பில் கம்பளியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கார் கிளம்பிடுச்சு. தூக்குங்க, கார்ல ஏத்தலாம்" என்றேன்.

வெள்ளையனின் மைத்துனர் முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல், "வேண்டாமுங்க, ரத்தமா இருக்குது. உங்க சீட்டு அழுக்காயிரும்" என்றார்.

"சீட்டு போனா போகுது!"

"இல்லீங்க, கொண்டூசி வளைவுல ஒடம்பு ஆடுமுங்க. கம்பளின்னா ஆடாதுங்க" என்றார் இன்னொருவர்.

இவர்கள் கூச்சப்படுகிறார்கள் என்றே நினைத்தேன். சாக்கு விரித்து உட்காருகிற மனிதர்கள் அல்லவா? குனிந்து வெள்ளையனிடமே சொன்னேன். "நம்ம வண்டிதானே, நீங்க சொல்லுங்க." முகமெல்லாம் வேர்த்திருந்த அவர், "நொம்ப நல்லதுங்க. இன்னொரு நாளைக்கு ஏறிக்கறனுங்க" என்றார், விருந்துக்கு அழைத்தவனிடம் சொல்வதுபோல. நான் விடவில்லை. "பைத்தியமா உங்களுக்கு? நடந்து எப்போ ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவீங்க?" என்று கத்தினேன்.

அப்போதுதான் அவர் மனைவி சடைச்சி நிமிர்ந்தார். அதுவரை அவர் கணவரின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"ஏனுங்க, உங்க வண்டியத் தள்ளற ஆளே இங்க படுத்துக் கெடக்குது. மேட்டுல நின்னு போச்சுன்னா ஆருங்க தள்ளறது?"

யாரும் சிரிக்கவில்லை. மைத்துனர், "அக்கா" என்று மட்டும் சொன்னார், அடக்குவதுபோல. சீட்டு அழுக்காகும், உடம்பு ஆடும், இன்னொரு நாளைக்கு என்று அத்தனை பேரும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவர் உட்பட. வருடக்கணக்காக என் கார் மேடேறாது என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் எனக்காக அவர்கள் மறைத்து வைத்திருந்தார்கள். நான்தான் கத்திக் கத்தி அதை வெளியே இழுத்துப் போட்டேன்.

தூக்க நான்கு தோள் வேண்டும். மூன்றுதான் இருந்தது. நான் பின்கொம்புக்குக் கீழே போய் நின்றேன். வேண்டாம் என்று இதற்கு யாரும் சொல்லவில்லை. குறுக்குப் பாதையில், காப்பிச் செடிகளுக்கிடையே ஏறினோம். என் உயரம் மற்றவர்களுக்கு ஒத்துவராததால் ஒவ்வொரு பத்தடிக்கும் நான் முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. "பினாங்குக்காரரே, மெதுவாப் போங்க" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

மேட்டுக்கு மேலே தார் ரோட்டைத் தொட்டதும் மைத்துனர் கையை உயர்த்தினார்.

"இருங்க, இருங்க. லாரி வருது. நிறுத்தி ஏத்திக்கலாம்."

உண்மையாகவே லாரிச் சத்தம் கேட்டது. வெள்ளையனைப் பூப்போல ரோட்டோரத்தில் இறக்கினார்கள். சடைச்சி தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, ஆட்டி நிறுத்துவதற்காகக் கையில் பிடித்துக்கொண்டார். எல்லா முகங்களும் கீழ் வளைவைப் பார்த்தன. நானும் பார்த்தேன். காற்று திரும்பும்போது சத்தம் பெருகியது, பிறகு தேய்ந்தது, நெருங்கவில்லை. எந்திரத் துடிப்பில் மூன்று முழு அடி, ஒரு அரை அடி, மூன்று முழு அடி, ஒரு அரை அடி. நான்காவது சிலிண்டர் நொண்டுகிற அந்தத் தாளத்தை உலகத்தில் யாரையும்விட எனக்குத்தான் தெரியும். தெரிந்த பிறகும், லாரியாக இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். கம்பளிக்குள் வெள்ளையன் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"லாரி இல்லை. என் கார்தான். வீட்டு வாசல்ல ஓடிக்கிட்டிருக்கு" என்றேன்.

சடைச்சி துணியைத் திரும்பவும் தலையில் சுற்றிக்கொண்டார். என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கம்பளிக்குள்ளிருந்து மட்டும், வலிக்கு நடுவே, சிரிப்புப் போல ஒன்று வந்தது.

"ஓடட்டுங்க. டீசலு தீந்தா அதுவே நிக்கும். தூக்குங்க, போலாம்."

தூக்கினோம். எஸ்டேட் ஜீப் ஒன்று எதிரே வந்து அவரை ஏற்றிக்கொள்ளும்வரை அப்படியே நடந்தோம். கொம்பு என் வலது தோளை அழுத்திக்கொண்டிருந்தது. பினாங்கில் அந்தச் சத்தம் கேட்டால் யாரோ வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். என் முதுகுக்குப் பின்னால், பள்ளத்துக்குள், ஆளில்லாத முற்றத்தில், உள்ளே யாரும் இல்லாமல் அது வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.