மேசை ஏறிய குதிரைப்படை

தோருன் நகரத்து முதியோர் விடுதியில் செவிலியாக வேலை பார்த்த ரெகினா வில்க்கிடம் பதினோரு வருஷமாக ஒரு படை இருந்தது. ஓர் அங்குல உயரத்தில் முப்பத்தாறு ஈயக் குதிரைவீரர்கள். முதுகில் சிறகு, தோளில் சிறுத்தைத் தோல், கையில் நீண்ட ஈட்டி. பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர்விளையாட்டுச் சங்கம் ஒன்றில் அவள் உறுப்பினர். அங்கே முக்கால்வாசிப் பேர் அவளைப் போலத்தான்: வாங்குகிற வேகத்தில் வண்ணம் தீட்ட மாட்டார்கள். ஆனால் வண்ணம் பூசாத பொம்மை அங்கே மேசை ஏறக்கூடாது. அதனால் அவள் இரவல் படையை வைத்தே ஆடிக்கொண்டிருந்தாள்.

"ரெகினாக்கா படை பெட்டிக்குள்ளயே பென்ஷன் வாங்கிடும்" என்பான் சங்கத்து லெஷெக். அவன் தச்சன், உளியைவிட நாக்கு கூர்.

ஒரு ஜனவரியில் அவள் முடிவெடுத்தாள். அக்டோபர் போட்டிக்குச் சொந்தப் படையோடு போவது, இல்லாவிட்டால் மொத்தத்தையும் விற்றுவிடுவது. அதுவரை புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. வேலை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம், தினமும். காலி மாத்திரைப் புட்டியின் மூடியில் பொம்மையை ஒட்டிக்கொண்டு, தூரிகை நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டுச் சிறுத்தைப் புள்ளிகள் வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்றவ, பெயின்ட்டை நக்குறதைப் பாரு" என்றான் புருஷன் விடோல்ட்.

"நக்கினாத்தான் நுனி கூடும். உன் சூப் ஆறுது, குடி."

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. பாதுகாப்புக்கு வார்னிஷ் அடிப்பது ஒன்றுதான் பாக்கி. வெளியே தூறல். ஈரக் காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பத்து மாத வேலை முடிந்த அவசரம். பால்கனியில் வரிசையாக நிறுத்தி அடித்துவிட்டாள். காய்ந்தபின் பார்த்தால் சிவப்பு அங்கியும் தெரியவில்லை, புள்ளியும் தெரியவில்லை. பூஞ்சை பிடித்த ரொட்டி மாதிரி முப்பத்தாறும் வெளுத்து நின்றன.

லெஷெக்குக்கு போன் போட்டாள்.

"மழையில அடிச்சியாக்கா? நேத்து சேர்ந்தவன்கூடச் செய்ய மாட்டானே."

"திட்டறதை ஞாயித்துக்கிழமை போட்டியில வச்சுக்கோ. வழி இருந்தா சொல்லு."

"எல்லாத்தையும் கரைச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பி. இந்தத் தடவை என் இன்னொரு படையை எடுத்துக்க."

"இரவல் வாங்கி ஆடினது போதும்" என்று போனை வைத்தாள்.

விடுதியில் ஒருவர் விழுந்தால் முதலில் எங்கே அடி என்றுதான் பார்ப்பாள். அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும். வெளுப்பு வண்ணத்தில் இல்லை, மேலே பூசிய வார்னிஷில்தான் என்று அவளுக்குப் பட்டது. கடைசி வரிசையில் ஒருவனை எடுத்து, பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாகத் தடவினாள். வெளுப்பு மறைந்து சிவப்பு எழுந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தாள். வெளுப்பு திரும்பவில்லை. பிறகுதான் அடுத்தவனைத் தொட்டாள்.

சனிக்கிழமை பொழுது முழுக்க அதே வேலை. இரண்டு பேர் மட்டும் மூன்று பூச்சுக்கும் மசியவில்லை.

"தூரத்துலேர்ந்து யாருக்குத் தெரியப் போகுது? சேர்த்து வை" என்றான் விடோல்ட்.

"எனக்குத் தெரியுமே. இதை வண்ணம்னு நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நடுவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து பார்த்தார். "என்னம்மா, படை எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வந்திருக்கு?"

"பளபளக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்லை."

"அப்போ ஏத்தறேன்."

முப்பத்துநாலு பேரும் மேசை ஏறினார்கள். எதிரே லெஷெக். எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஆள் குறையுதேக்கா. அதுக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றான்.

"யாரு கேட்டா? பகடையை உருட்டு."

அன்று மூன்று ஆட்டம். இரண்டில் தோற்றாள், ஒன்றில் ஜெயித்தாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் அந்த இரண்டு பேரையும் வண்ணம் கரைக்கும் திரவத்தில் போட்டு மூடிவிட்டுப் போனாள்.